மலைநாட்டில் படகு கழுவ எந்தப் பம்ப்?

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வலை போடுகிறவரைக் கேட்டாலும் சரி, நுவரெலியாவின் கிரகரி வாவியில் பெடல் போட் வாடகைக்கு விடுகிறவரைக் கேட்டாலும் சரி, படகு கழுவுவது சள்ளை பிடித்த வேலை என்றுதான் சொல்வார்கள். வாளியால் மொண்டு மொண்டு ஊற்றி இடுப்பு விட்டுப்போன பிறகு, சின்னதாக ஒரு பம்ப் வாங்கினால் என்ன என்ற யோசனை வருகிறது. கடைக்குப் போனால் ஐந்தாறு வகை. விலையிலும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு பிரஷர் வேணும் அண்ணே?" பாதிப் பேர் வழி தவறுவது அந்தக் கேள்வியில்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. படகு கழுவும் பம்ப் பற்றி எங்கே தேடினாலும் கிடைப்பது கடலுக்குச் சொன்ன அறிவுரை. உப்பைக் கழுவு, பம்பை நல்ல தண்ணீரில் அலசு, துருப்பிடிக்காத உலோகமா பார் என்று போகும். நமக்கு உப்பு இல்லை. இருப்பது சேறு, பாசி, மீன் செதில், மூடுபனி, செங்குத்தான கரை. கரையில் கரண்டும் கிடையாது. அதனால் கடற்கரைக்காரருக்குப் பொருந்துகிற பம்ப் நமக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

## முதலில் பார்க்க வேண்டியவை

என்ன அழுக்கு? ஃபைபர் படகின் வெளிப்பக்கம் தண்ணீர் மட்டத்தில் வழவழவென்று பச்சையும் பழுப்புமாக ஒரு கோடு ஓடும். உள்ளே சேற்றுக் கால்தடம், மூலைகளில் காய்ந்து ஒட்டிய திலாப்பியா செதில். பெடல் போட் என்றால் அதன் மேல் பறவை எச்சம். இதில் எதுவும் சர்வீஸ் ஸ்டேஷன் அழுத்தம் கேட்பதில்லை. கேட்பது ஊற நேரம், ஒரு நல்ல பிரஷ், அப்புறம் பெயர்ந்ததை அடித்துக்கொண்டு போகத் தாராளமாகத் தண்ணீர். நிமிடத்துக்கு 10 லீற்றரும் 2, 3 பார் அழுத்தமும் இருந்தால் பதினாறு, பதினெட்டு அடிப் படகுக்குப் போதும். என்னைக் கேட்டால் அழுத்தத்தைப் பார்க்கும் முன் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது? இதைக் கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் யோசிப்பதில்லை. பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது என்கிறோம், உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்று 10.3 மீற்றர் உயரத் தண்ணீரைத் தாங்கும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிந்து சுமார் 8.2 மீற்றர்தான் தாங்கும். இது கணக்கில் வருகிற உச்சம், எந்தப் பம்பும் இதை எட்டாது. ஆனால் பெட்டியில் "8 மீற்றர் உறிஞ்சும்" என்று போட்டிருந்தால் அது கடல் மட்டத்துக்கு எழுதியது. இங்கே அதில் ஏறக்குறைய இரண்டு மீற்றரைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் ஆயிரம் மீற்றருக்கு மேலே இருப்பதால் அங்கும் ஒரு மீற்றருக்குக் குறையாமல் போகும். அதனால் எந்தப் பம்ப் வாங்கினாலும் அதைத் தண்ணீர் ஓரம் இறக்கி வையுங்கள். தள்ளுவது பம்புக்கு லேசு, இழுப்பதுதான் கஷ்டம்.

எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும்? வெயில் மாதங்களில் நீர்த்தேக்கம் இறங்கும். மவுசாகலை நன்றாக வற்றினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவிலே வெளியில் தெரியும். அந்த நேரத்தில் பாதைக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெடித்த சேறு நீளமாகக் கிடக்கும். மழைக்காலத்தில் வாகனத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் தண்ணீர் என்று இருந்த இடம், மார்ச்சில் அப்படி இருக்காது. இருபது கிலோ பம்ப் ஒன்றை ஆனியில் பார்த்து வாங்கினால் மாசியில் அதைத் தூக்க ஆள் தேட வேண்டிவரும்.

சக்தி எங்கிருந்து? கரண்ட், 12 வோல்ட் பற்றரி, பெற்றோல், அல்லது மலைச்சரிவு. நாலாவதைப் பலர் மறந்தே விடுகிறார்கள்.

கெட்டுப்போனால் யார் பார்ப்பது? ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலையில் பெற்றோல் இன்ஜின் பார்க்கும் கைகள் நிறைய. மரக்கறித் தோட்டக்காரர்கள் வளர்த்துவிட்ட கைகள் அவை. 12 வோல்ட் பம்பை வாகன எலக்ட்ரீஷியன் சமாளிப்பார், ஆனால் உள்ளே போகும் ரப்பர் சாமானுக்குக் கொழும்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பிரஷர் வாஷர் என்றால் பலர் திறந்து பார்த்துவிட்டு, புதுசு வாங்குங்கள் என்று கையில் கொடுத்துவிடுவார்கள்.

விலையை இங்கே நான் எண்ணாகச் சொல்லப் போவதில்லை. இறக்குமதிச் சாமானின் விலை நம் ஊரில் ஒரு மாதம் நிற்பதில்லை.

## பீலித் தண்ணீர்

பீலி என்றால் மேலேயுள்ள ஊற்றுத் தண்ணீரைக் கீழே இறக்கிவிடும் குழாய். பம்ப் பற்றிய கட்டுரையில் பம்பே இல்லாத வழியை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலேயிருந்து தண்ணீர் 10 மீற்றர் இறங்கினால் சுமார் 1 பார் அழுத்தம் சேரும். உங்கள் படகுத்துறைக்கு 30 மீற்றர் மேலே வற்றாத ஊற்று ஒன்று இருந்து, அங்கிருந்து குழாய் இறக்க முடிந்தால் 3 பார் வருகிறது. 12 வோல்ட் பம்ப் ஒன்று தருகிற அழுத்தமும் ஏறத்தாழ அதுதான். பற்றரி வேண்டாம், பெற்றோல் வேண்டாம், சத்தமும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு குழாயில். காசு மிச்சம் பிடிக்க எல்லோரும் அரை அங்குலக் குழாய் வாங்குவார்கள். நிமிடத்துக்கு 12 லீற்றர் ஓடும்போது, 100 மீற்றர் நீள அரை அங்குலக் குழாயில் உரசலிலேயே 15 மீற்றருக்கும் மேலான உயரத்தின் பலன் தொலைந்துவிடும். அதாவது 30 மீற்றர் இறக்கத்தில் பாதி வீண். முக்கால் அங்குலம் போட்டால் இழப்பு மூன்று மீற்றர் போலத்தான். கடைசி சில மீற்றருக்கு மட்டும் அரை அங்குல ஹோஸ் மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது விஷயம் பணமில்லை, மனிதர். அந்தப் பீலி தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் தண்ணீர் கொடுப்பதாக இருந்தால் முதலில் அங்கே பேசுங்கள். வெயில் மாதத்தில் குடத்தோடு வரிசை நிற்கும் இடத்துக்குக் கீழே ஒருவர் படகு கழுவிக்கொண்டிருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? ஓடையில் வீணாக வழியும் தண்ணீராக இருக்க வேண்டும், அல்லது இரவில் ஒரு டாங்கியில் பிடித்து வைத்துப் பகலில் பாவிக்க வேண்டும்.

படகு எப்போதும் ஒரே துறைக்கு வருகிறது, மேலே ஊற்று இருக்கிறது, அக்கம்பக்கத்துக்கும் சம்மதம் என்றால் மற்ற எதையும் வாங்காதீர்கள். படகை வேறு வேறு நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டுபோகிறவருக்கு இது உதவாது.

## 12 வோல்ட் டயாபிரம் பம்ப்

படகுக்காரர்கள் வாஷ்டவுன் பம்ப் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மோட்டார் சுற்றும்போது உள்ளேயுள்ள ரப்பர் டயாபிரம் மூன்று, நாலு சின்ன அறைகளில் மாறி மாறி அமுங்கி விரிந்து தண்ணீரைத் தள்ளும். ஹோஸ் முனையில் மாட்டும் கன்னின் விசையை விட்டால் அழுத்தம் ஏறி, பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். மறுபடி அழுத்தினால் தானாக ஓடும். சாதாரணமாக நிமிடத்துக்கு 11 முதல் 19 லீற்றர், அழுத்தம் 3 முதல் 5 பார். அந்த லீற்றர் கணக்கு வாய் திறந்திருக்கும்போது வருவது, கன் மாட்டினால் குறையும். அதனால் தேவைக்கு ஒரு படி மேலே வாங்குவது நல்லது. எடை இரண்டு மூன்று கிலோதான்.

பற்றரியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 10 அம்பியர் இழுக்கும் பம்ப் கால் மணி நேரம் ஓடினால் போவது 2.5 அம்பியர்-மணி. 30 அம்பியர்-மணி பற்றரிக்கு இது பெரிய சுமை இல்லை. திரீவீலரைக் கரை ஓரம் நிறுத்தி அதிலிருந்தே கரண்ட் எடுக்கலாம்.

பயப்பட வேண்டியது வயருக்கு. பற்றரியிலிருந்து பம்ப் 5 மீற்றர் தள்ளியிருந்தால், போய்வர வயர் 10 மீற்றர். வீட்டில் மிஞ்சிக்கிடந்த 1 சதுர மில்லிமீற்றர் வயரைப் போட்டால் 10 அம்பியரில் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். பம்ப் முனகும், சூடாகும், தண்ணீர் நூலாக வரும், கடைசியில் "சீனாச் சாமான், அப்படித்தான்" என்று திட்டு வாங்கும். 2.5 சதுர மில்லிமீற்றரில் இழப்பு 0.7 வோல்ட், சமாளிக்கலாம். 4 போட்டால் இன்னும் நல்லது. சிகரெட் லைட்டர் துளையில் குத்தும் பிளக் இந்த அளவு கரண்டுக்கு இளகிப்போகும். பற்றரி முனையைக் கவ்வும் கிளிப்பும், கிளிப்பை ஒட்டியே பம்பின் புத்தகம் சொல்லும் அளவில் ஒரு பியூஸும் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பை அப்படியே தரையில் போடாமல், மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றுக்குள் பலகை வைத்து அதில் முடுக்கிவிட்டால் தூக்கவும் வசதி, சேறும் படாது. முடுக்கும்போது தண்ணீர்த் தலை கீழேயும் மோட்டார் மேலேயும் இருக்கட்டும். என்றோ ஒருநாள் சீல் கசிந்தால் தண்ணீர் தரைக்குப் போகும், மோட்டாருக்குள் போகாது.

இதன் பலவீனம் மணல். அந்த அறைகளின் வால்வுகள் மெல்லிய ரப்பர் தகடுகள். ஒரு மணல் பரல் இடையில் உட்கார்ந்தால் வால்வு மூடாது, பம்ப் ஓடும், தண்ணீர் வராது. அதனால் உறிஞ்சும் பக்கத்தில் வலை வடிகட்டி இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. ஹோஸ் வாய் அடிச்சேற்றில் படாமலும் மேல்மட்டக் குப்பையை இழுக்காமலும் இருக்க ஒரு வழி: வெற்று பிளாஸ்டிக் போத்தலை மூடி, ஹோஸ் வாய்க்கு ஒரு அடி மேலே கட்டிவிடுங்கள். போத்தல் மிதக்கும், வாய் ஒரு அடி ஆழத்தில் தொங்கும். பெருமழைக்குப் பிறகு தண்ணீர் தேயிலைச் சாயம் போல ஓடும் நாட்களில் அதுவும் பத்தாது. பீப்பாயில் பிடித்து, மண் அடங்கவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள்.

ஒன்றிரண்டு படகு வைத்திருப்பவருக்கும், இடம் மாறி மாறி இறக்குகிறவருக்கும் என் முதல் தேர்வு இதுதான்.

## மூழ்கும் பில்ஜ் பம்ப்

அதே 12 வோல்ட்தான், ஆனால் தண்ணீருக்குள் போட்டு ஓட்டுவது. விலை மிகக் குறைவு. அளவில் பெரியது ஒன்று எடுத்தால் நிமிடத்துக்கு 60, 70 லீற்றர் கூடக் கொட்டும், இழுக்கும் கரண்டும் டயாபிரம் பம்பில் பாதிக்கும் கீழே. தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் உறிஞ்சும் உயரம் என்ற பிரச்சினையே இல்லை. மணலுக்கும் அவ்வளவு அஞ்சாது.

ஆனால் அழுத்தம் கிடையாது. மூன்று நாலு மீற்றர் மேலே ஏற்றினால் ஓய்ந்துவிடும். கன் மாட்டினால் ஒழுகும், பீச்சாது. செங்குத்துக் கரையில் படகை மேலே இழுத்துப்போட்டுக் கழுவுகிறவருக்கு இது பயன்படாது. தண்ணீர் ஓரத்திலேயே படகைச் சாய்த்து உள்ளே சேற்றை அலசி விடுகிறவருக்கு இது போதும், பிரஷ் வேலையை மட்டும் கை செய்ய வேண்டும்.

இதற்கு இன்னொரு பயன் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் அடித்துப் பெய்யும்போது கட்டிப்போட்ட படகு விடிவதற்குள் நிறைந்துவிடும். அதை இறைக்கத்தான் இந்தப் பம்ப் பிறந்ததே. காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் இதை வாங்கி, கழுவுவதற்கும் சமாளித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

## கரண்டில் ஓடும் பிரஷர் வாஷர்

ஆசை இதன் மேல்தான் எல்லோருக்கும். 100 முதல் 130 பார் அழுத்தம், கண்ணெதிரே அழுக்குப் பறக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வருகிற தண்ணீர் நிமிடத்துக்கு ஆறேழு லீற்றர்தான். டயாபிரம் பம்பை விடக் குறைவு. பெயர்க்கும், ஆனால் சேற்றைத் தள்ளிக்கொண்டு போகாது. உள்ளே கழுவும்போது அழுக்கு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தெறித்துக்கொண்டே இருக்கும்.

ஃபைபர் படகின் வெளித்தோலான ஜெல்கோட்டில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால், கிட்டே பிடித்த கூர்முனை அவற்றை உரித்து அகலமாக்கும். பழைய பெயின்ட், பதிவு எண் ஸ்டிக்கர் எல்லாம் போகும். பெடல் போட்டில் மிதியின் பேரிங் பக்கம் பிடித்தால் கிரீஸைக் கழுவித் தண்ணீரை ஏற்றிவிடும், அந்த மிதி சில வாரத்தில் கிறீச்சிடும். பாவிப்பதென்றால் விசிறி போல விரியும் 40 பாகை முனை, குறைந்தது ஒரு அடி தூரம், ஒரே இடத்தில் நிறுத்தாமல்.

இது 1400 முதல் 1800 வாட் கேட்கும். வாகனப் பற்றரியில் இன்வேர்ட்டர் போட்டு ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1400 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 120 அம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும், மறந்துவிடுங்கள். ஜெனரேட்டர் என்றால் மோட்டார் தொடங்கும் உதறலைத் தாங்க அதை விடப் பெரியது வேண்டும், மலையில் அந்த ஜெனரேட்டர் இன்ஜினும் பலம் குறைந்துதான் ஓடும். வாஷரை விட ஜெனரேட்டருக்குச் செலவு அதிகமாகும் கதை இது. ஈரக் கரையில் 230 வோல்ட் வயர் கிடப்பது இன்னொரு பயம். 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

துறையிலேயே கரண்டும் குழாய்த் தண்ணீரும் சிமெந்துத் தரையும் வைத்திருக்கிற, பத்துப் பதினைந்து பெடல் போட் நடத்துகிறவருக்கு இது சரி. வருடத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்துப் பழைய பாசியைச் சுரண்ட மற்றவர்கள் ஒருநாள் வாடகைக்கு எடுக்கலாம்.

## பெற்றோல் வாட்டர் பம்ப்

நுவரெலியா, கந்தப்பளை மரக்கறித் தோட்டங்களில் ஓடுகிற அதே பம்ப். பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதே இதன் பெரிய பலம். இரண்டு அங்குலப் பம்ப் நிமிடத்துக்கு ஐந்நூறு லீற்றருக்கு மேல் தள்ளும். ஒரு படகுக்கு அது வெள்ளம். கையில் பிடித்த ஹோஸ் உதறும், பிரஷ் போட்டவன் நனைவான். ஒரு அங்குலச் சின்னப் பம்ப் ஆறேழு கிலோதான், நிமிடத்துக்கு நூறு லீற்றருக்கு மேல் வரும், படகு வேலைக்கு அதுவே அதிகம்.

மலையில் இன்ஜினுக்குக் காற்று பத்தாது. 300 மீற்றர் ஏறினால் பலத்தில் சுமார் 3.5 சதவீதம் குறையும் என்பது கணக்கு. நுவரெலியா உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கொழும்பில் சரிபார்த்த கார்பரேட்டர் இங்கே பெற்றோலைக் கூடுதலாக விடும், பிளக் கறுக்கும், புகை வரும். ஊர் மெக்கானிக்கிடம் சின்ன ஜெட் (கார்பரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் துளைத் துண்டு) மாட்டித் தரச் சொன்னால் சரியாகும். அதே ஜெட்டோடு பம்பைக் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டினால் பெற்றோல் பத்தாமல் இன்ஜின் சூடேறும். திரும்ப மாற்றாமல் கொண்டுபோகாதீர்கள்.

எனக்கு இதில் பிடிக்காதது பெற்றோல் சிந்துவது. காசல்ரீ கெஹல்கமு ஓயாவின் தண்ணீர், மவுசாகலை மஸ்கெலி ஓயாவின் தண்ணீர். இரண்டும் கீழே சேர்ந்து களனி கங்கையாகி, அம்பத்தளையில் கொழும்பின் குடிதண்ணீராகிறது. கரையில் நிறுத்திவைத்து டாங்கிக்கு ஊற்றும்போது சிந்துவது அந்தத் தண்ணீரில்தான். சவர்க்காரத் தூளும் அப்படித்தான். எந்தப் பம்ப் வைத்திருந்தாலும் படகைக் கரை மேலே இழுத்து, கழுவிய தண்ணீர் புல்லில் இறங்கும்படி கழுவுங்கள். பாசிக்குச் சவர்க்காரமே தேவையில்லை, பிரஷ் போதும்.

சங்கமாகச் சேர்ந்து இருபது படகை வரிசையாகக் கழுவுகிற இடத்துக்கும், துறைப் படிக்கட்டின் சேற்றையும் அடிக்க வேண்டியவருக்கும் இது நல்லது.

## இன்னும் இரண்டு

கையில் பிடிக்கும் பற்றரி கன் இப்போது எங்கும் தொங்குகிறது. சுமார் 20 பார் அழுத்தம், நிமிடத்துக்கு இரண்டு மூன்று லீற்றர், ஒரு பற்றரியில் கால் மணி நேரம் போல. ஓரிரண்டு பெடல் போட்டின் எச்சம் துடைக்கலாம். சேற்றுப் படகுக்கு விளையாட்டுச் சாமான்.

தோளில் மாட்டும் மருந்து டாங்கியால் கழுவலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. களைக்கொல்லி அடித்த டாங்கி என்றால் வேண்டவே வேண்டாம், எத்தனை தரம் அலசினாலும். மீன் கிடக்கும் படகு அது. புது டாங்கி என்றாலும் தண்ணீர் பூவாகத்தான் தூறும், காய்ந்த செதிலை ஊறவைக்க மட்டும் ஆகும்.

## ஒரே பார்வையில்

| வகை | நிமிடத்துக்குத் தண்ணீர் | அழுத்தம் | கரையில் வேண்டியது | சொல்லாமல் வரும் செலவு |
|---|---|---|---|---|
| பீலி | குழாயைப் பொறுத்தது | 10 மீற்றர் இறக்கத்துக்கு 1 பார் | மேலே ஊற்று | தடித்த குழாய், ஊர்ச் சம்மதம் |
| 12 வோல்ட் டயாபிரம் | 11–19 லீற்றர் | 3–5 பார் | பற்றரி | தடித்த வயர், வடிகட்டி, ரப்பர் செட் |
| பில்ஜ் பம்ப் | 60–70 லீற்றர் வரை | இல்லை என்றே சொல்லலாம் | பற்றரி | கைவேலை கூடும் |
| பிரஷர் வாஷர் | 6–7 லீற்றர் | 100–130 பார் | 230 வோல்ட், குழாய்த் தண்ணீர் | ஜெனரேட்டர், ஜெல்கோட் சேதம் |
| பெற்றோல் பம்ப் | 100–500 லீற்றர் | சுமார் 3 பார் | பெற்றோல் | ஜெட், சுமைகூலி |

## கடையில் நிற்கும்போது

டயாபிரம் பம்ப் என்று முடிவு செய்தால் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், பற்றரியில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாமல் சில நொடி ஓடினால் இந்த வகைக்கு ஒன்றும் ஆகாது. உறிஞ்சும் வாயில் கட்டைவிரலை வையுங்கள், தோல் உள்ளே இழுபட வேண்டும். இழுத்து விட்டுவிட்டு இழுத்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கிடைத்தால் கன்னை மாட்டி ஓட்டி, கன்னை விட்டுப் பாருங்கள். மோட்டார் நின்ற பிறகு ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். தானாக டக் டக் என்று இடையிடையே ஓடினால் எங்கோ கசிகிறது.

அப்புறம் இரண்டு கேள்வி: டயாபிரமும் வால்வும் தனியாகக் கிடைக்குமா? ஹோஸ் மாட்டும் மரை நம் ஊர் அளவா? இரண்டாவதற்கு இல்லை என்ற பதில் வந்தால், பம்பை விட அதற்கான இணைப்புத் துண்டைத் தேடி அலைவதுதான் பெரிய வேலையாகிவிடும்.

## பராமரிப்பு

கழுவி முடித்ததும் உறிஞ்சும் வாயைத் தெளிந்த தண்ணீருள்ள வாளியில் போட்டு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். அதன் பின் வாயை வெளியே எடுத்து, உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறும் வரை சில நொடி ஓட்டி நிறுத்துங்கள். சேற்றுத் தண்ணீர் உள்ளே நின்று காய்ந்தால் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் கிடந்த பம்ப் ஓடியும் தண்ணீர் தராததற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். தலையிலுள்ள திருகுகளைக் கழற்றி, ரப்பர் தகடுகளைச் சுத்தத் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவி, அதே வரிசையில் மாட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். கழற்றும் முன் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சில நொடி வெற்றோட்டம் டயாபிரம் பம்புக்கு மட்டும். பெற்றோல் பம்பையோ பில்ஜ் பம்பையோ தண்ணீரில்லாமல் ஓட்டினால் சீல் எரியும்.

வடிகட்டி மூடியின் உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். வலையைக் கழுவி மூடும்போது அதில் ஒரு மண் துகள் ஒட்டியிருந்தாலும் காற்று நுழையும், பம்ப் தண்ணீர் எடுக்காது. உறிஞ்சும் பக்கக் கசிவு சொட்டாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. காது வைத்துக் கேளுங்கள், சீறும். அல்லது அந்த மூடியைச் சுற்றித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், பம்பின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். அந்த வளையத்துக்குச் சிலிக்கன் கிரீஸ் மட்டும் பூசுங்கள். இன்ஜின் ஒயிலோ வாசலினோ பூசினால் பல ரப்பர்கள் ஊதிப்போய் அடுத்த தடவை பள்ளத்தில் உட்காராது.

கன்னின் வாயை மிகவும் ஒடுக்கினால் பிரஷர் சுவிட்ச் விட்டுவிட்டு அடிக்கும். அப்படியே நீண்ட நேரம் ஓட்டினால் சுவிட்சின் முனைகள் கருகும். வாயைக் கொஞ்சம் அகலமாக வைத்துத் தொடர்ந்து ஓடவிடுவதே அதற்கு நல்லது. ஆனால் இந்தப் பம்புகளில் பல இடைவிட்டு ஓடச் செய்தவை. மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு வந்தால் தானாகவே நின்றுவிடும், ஆறியதும் மறுபடி ஓடும். அதைப் பழுது என்று நினைத்துத் திறக்க வேண்டாம்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல் வெள்ளையாக உறைவதைப் பார்த்துவிட்டுப் பம்ப் வெடித்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தண்ணீரை வடித்து வீட்டுக்குள் வைத்தால் ஒன்றும் ஆகாது. இங்கே உண்மையான எதிரி மூடுபனி. ஈரச் சாக்கில் சுற்றி மூலையில் போட்டால் கிளிப்பிலும் வயர் முனையிலும் பச்சை பூக்கும், கரண்ட் போகாது. முனைகளைச் சுரண்டித் துடைத்து லேசாகக் கிரீஸ் தடவி, காற்றுப் படும் இடத்தில், முடிந்தால் அடுப்படிப் பக்கம் தொங்கவிடுங்கள். பெற்றோல் பம்ப் என்றால் கார்பரேட்டரிலுள்ள பெற்றோலை வடித்துவிட்டுத்தான் மழைக்காலத்துக்கு மூட வேண்டும், பழைய பெற்றோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும்.

படகை வேறு நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகிறவர் பம்பையும் ஹோஸையும் சேர்த்து வடித்துக் காயவைக்க வேண்டும். ஆகாயத்தாமரை, சல்வீனியா போன்ற நீர்க்களைகள் ஒரு துண்டு போனாலும் புதிய இடத்தில் பெருகும். படகின் அடியைக் கழுவியவர்கள் வடிகட்டிக்குள் பார்ப்பதில்லை, அந்தத் துண்டு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

கிரேட்டுக்குள் எப்போதும் கிடக்க வேண்டியவை: இரண்டு பியூஸ், ஹோஸ் கிளிப் இரண்டு, ஒரு திருப்புளி, பழைய பல் பிரஷ் ஒன்று, டயாபிரம் செட் ஒன்று. பியூஸ் எரிந்தால் மாற்றுங்கள். மாற்றியதும் மறுபடி எரிந்தால் பெரியது போடாதீர்கள், பம்புக்குள் கல் சிக்கியிருக்கிறதா என்று தலையைக் கழற்றிப் பாருங்கள்.